செல்வி போட்ட மார்க்

ஜூலை 3, புதன்

விடியும்போதே புழுக்கம். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன், தொட்டி வழிந்து தெரு வரை தண்ணீர். மகள் கயல் கத்தினாள்.

படம் எண் 31. ஒரு மாதம் ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற அப்பா டிவி முன்னாலேயே உட்கார்ந்து கெட்டுப்போகக் கூடாது என்று மகள் தன் பழைய போனைக் கொடுத்தபோது போட்ட சட்டம்: ஒரு நாளைக்கு ஒரே படம். நன்றாக வராவிட்டாலும் அழிக்கக் கூடாது. எனக்குப் பிடித்த சட்டம். கணக்கு வாத்தியாராகப் பத்தாம் வகுப்பிலும் இதைத்தான் சொன்னேன்: பரீட்சைக்கு முதல் நாள் முப்பது கணக்கு போடாதே, தினம் ஒன்று போடு.

மார்க் போடுவது என் மனைவி செல்வி. செராமிக் யூனிட்டில் வேலை. சூளையிலிருந்து வந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே விரிசல் விட்டதைப் பிரிப்பாள். ஆறு மணிக்கு வந்து ஸ்கூட்டியை உள்ளே ஏற்றிவிட்டு, முகம் கழுவி, டீயோடு உட்கார்ந்து போனை வாங்குவாள். பத்துக்கு இத்தனை. அப்பீல் கிடையாது.

இன்று ஜங்ஷன் நடைமேடை, சுண்டல் விற்பவர், நேர் நடுவில். செல்வி: "எட்டு. மனுசன் சிரிக்கிறாரு பாருங்க, அதுக்கே ஒரு மார்க்கு."

நாளை: துவரம்பருப்பு, கேஸ் புக் பண்ண, கயல் செருப்பு தைக்க.

ஜூலை 6, சனி

காற்றே இல்லை. யூடியூபில் ஒரு பாடம் பார்த்தேன். எதையும் நடுவில் வைக்காதே என்கிறார். குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு, ஒன்பது கட்டம். கோடுகள் வெட்டும் இடத்தில் பொருளை வைக்க வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும். இத்தனை நாள் நான் எடுத்ததெல்லாம் ரேஷன் கார்டு போட்டோ.

பக்கத்து வீட்டு நீளமான வெள்ளைச் சுவர். அதன் இடது கீழ் மூலையில் பூனை, மல்லாந்து தூக்கம். நிழல் சரியாக வரும்வரை ஒரு மணி நேரம் நின்றேன். என் ஆயுளில் நான் எடுத்த நல்ல படம் இதுதான்.

செல்வி: "வெறும் செவுரு. இதுக்கா வெயில்ல நின்னீங்க? ரெண்டு."

விளக்கம் சொன்னால்தான் புரியும் என்றால் அது படமே இல்லை என்று அதே பாடத்தில் இருந்தது. போனை வாங்கிக்கொண்டேன். ஆனால் வலித்தது.

ஜூலை 9, செவ்வாய்

மாலையில் நாலைந்து தூறல். புழுதி அடங்கவில்லை.

மூன்று நாள் மார்க்: 3, 2, 7. ஏழு வாங்கியது வலது ஓரத்தில் நின்ற கீரைக்காரம்மா. மற்ற இரண்டையும் செல்வி சரியாகப் பார்க்கவே இல்லை. ஒரு பார்வை, திருப்பிக் கொடுத்தல்.

சாப்பிடும்போது மோர் டம்ளரைத் தட்டிவிட்டாள். "இங்க யாரு வெச்சது?" தினமும் இலைக்கு இடப்பக்கம் வைப்பதுதான். "கவனம் எங்க இருக்குது உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பறைக் குரல். எனக்கே கேட்டது.

"வாத்தியாரே, நான் ஒண்ணும் உங்க பத்தாங் கிளாஸ் இல்ல."

கயலுக்குச் சிரிப்பு. நானே துடைத்தேன்.

ஸ்கூட்டியின் இடது கண்ணாடி உடைந்திருக்கிறது. கேட்டில் இடித்ததாம். இது மூன்றாவது தடவை. கேட்டு குறுகலாம். பதினொரு வருடமாக இல்லாத குறுகல்.

ஜூலை 12, வெள்ளி

சண்டை என்று சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்தில்.

"முன்னெல்லாம் நல்லா எடுத்துகினு இருந்தீங்க. இப்ப எங்கியோ பாத்துகினு எதையோ எடுக்குறீங்க."

"நீ பார்க்கிறதே இல்ல."

"பாக்காமயா மார்க்கு போடுறேன்?"

கோபத்தில், படுத்தபடியே சீலிங் ஃபேனை எடுத்தேன். நட்ட நடுவில் ஃபேன். செல்வி: "ஏழு. தொடைக்கணும்னு ஞாபகப்படுத்துது." கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்தப் பழக்கத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

ஜூலை 14, ஞாயிறு

பழைய வழக்கம் விடவில்லை. கடைசிப் பதினொரு நாள் மார்க்குகளை ஒரு தாளில் பட்டியல் போட்டேன், பொருள் எங்கே இருந்தது என்று பிரித்து.

நடு: 8, 7, 8, 7
வலது: 7, 8, 6
இடது: 2, 3, 2, 1

ஒரு வருடம் அரையாண்டுத் தேர்வில் ஒரே கணக்கை வகுப்பு முழுதும் தப்பாகப் போட்டிருந்தது. திட்டித் தீர்த்தேன். மாலை வீட்டில் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தால் நான்தான் ஓர் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தேன். எல்லாத் தப்பும் ஒரே இடத்தில் விழுந்தால் தப்பு செய்தவரைத் திட்டாதே, அந்த இடத்தைப் பார். அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

மோர் டம்ளர் இடது. கண்ணாடி இடது. கேட்டு இடது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

படத்தை இடம் வலமாகத் திருப்ப போனில் ஒரு பொத்தான் உண்டு, கயல் காட்டினாள். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. பூனைப் படத்தைத் திருப்பினேன். அதே சுவர், அதே பூனை, இப்போது வலது மூலை. டீ கொடுத்து, போனையும் கொடுத்தேன்.

"ஐயே, இந்தப் பூனையப் பாருங்களேன்! காலு நாலும் மேல!" பெரிதாகச் சிரித்தாள். "ஒம்போது. இந்த மாதிரி எடுத்தா என்னாவாம்?"

இன்னும் ஒரு டீ போட்டுத் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

ஜூலை 15, திங்கள்

வெயில். பால் திரிந்துவிட்டது.

சாயங்காலம் முனைக் கடையில் மேரிக்காகக் காத்திருந்தேன். செல்வியோடு வேலை செய்பவள், தினமும் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போய் வருகிறாள். செல்வி அவளை இறக்கிவிட்டு நகர்ந்ததும் கூப்பிட்டேன்.

"மேரி, அக்கா வண்டி எப்படி ஓட்டுது?"

அவள் முகம் மாறியது. "நானே சொல்லணும்னு இருந்தேன் சார். லெஃப்ட்ல வர்றது அக்காவுக்குத் தெரிய மாட்டேங்குது. நாந்தான் 'அக்கா பஸ்ஸு', 'அக்கா ஆட்டோ'ன்னு கத்திகினே போவேன். ரெண்டு மூணு மாசமா இப்பிடித்தான்."

"ஏன் சொல்லல?"

"அக்கா திட்டும் சார். எனக்குப் பழகிப்போச்சு."

திங்களிலிருந்து சனி வரை, காலையும் மாலையும், ஒருத்தி பின்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டே போய் வந்திருக்கிறாள். நானோ மார்க் குறைந்தது என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

சொல்லிவிட்டேன். தாளைக் காட்டினேன். திருப்பின பூனையையும்.

இடது வரியை விரல் வைத்துப் படித்தாள். பிறகு, "அப்ப டீய குடுத்துட்டு என்னை டெஸ்ட்டு பண்ணுனீங்களா?"

"ஒரு நாள்தான்."

"ஒரு நாளு பத்தாதா? நேரா கேக்கத் தெரியாதா உங்களுக்கு? முப்பது வருசம் உங்களோட குடும்பம் பண்ணியிருக்கேன்."

அவள் சொன்னது சரி. பையனுக்குக் கணக்கு வரவில்லை என்றால் பக்கத்தில் உட்கார வேண்டும், பொறி வைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை புதுச்சேரி கண் ஆஸ்பத்திரி. கயல் அழுது சம்மதிக்க வைத்தாள். அதுவரை வண்டி வேண்டாம் என்றேன். காதில் வாங்கவில்லை.

படம் எண் 44: காலி டம்ளர் இரண்டு. யாரும் மார்க் போடவில்லை.

ஜூலை 18, வியாழன்

ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டில்.

நேற்றும் இன்றும் ஸ்கூட்டியில்தான் போனாள். மேரியிடம் இருந்து "வந்துட்டோம் சார்" என்று செய்தி வரும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம். படம் எடுக்கக் கை வரவில்லை. கடைசியில் கேட்டின் தாழ்ப்பாளை எடுத்தேன்.

கயல்: "சாவிய ஒளிச்சி வெச்சிடலாம்பா."

வேண்டாம் என்றேன். விடையைப் பார்த்து எழுதினால் கணக்கு மனத்தில் நிற்காது என்றேன். சொன்னபிறகு எனக்கே சந்தேகம். ரோட்டில் இடப்பக்கம் வரும் யாரோ ஒருவருக்கு என் உதாரணத்தால் என்ன பயன்? நாளை டாக்டரே வண்டி வேண்டாம் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை என்றால் நானே சாவியை எடுத்துவிடுவேன்.

ஜூலை 19, வெள்ளி

காலை ஐந்தரை பஸ். பண்ருட்டி வரை செல்வி தூக்கம், என் தோளில். பேச்சு இல்லை, தோள் மட்டும் உண்டு.

பரிசோதனை: ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் வெளியே பெஞ்சில். புள்ளிகள் எனக்குத் தெரியாது, பொத்தான் சத்தம் மட்டும். டக், டக், டக். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு டக். அந்த இடைவெளிகளை எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண், நல்ல பெண். கண்ணுக்குள் அழுத்தம். இடது கண்ணில் பார்வை பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்குப் பக்கம், அதாவது இடப்புறம், குறைந்திருக்கிறது. "வலி இல்லாம போறதால யாருக்கும் தெரியறது இல்லம்மா. போனது வராது. இருக்கறத காப்பாத்திடலாம். சொட்டு மருந்து ஒரு நாளும் விடக்கூடாது. எதையும் தலைய இடப்பக்கம் திருப்பிப் பாருங்க. வண்டி வேணாம்."

செல்வி தலையாட்டினாள். எந்தப் பேச்சுக்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி: "நாப்பத்தி நாலு வயசுல கத்துகினேன். ரெண்டு முட்டியும் பேந்துபோச்சு. உங்களுக்கு சைக்கிளுக்கு மேல தெரியாது. ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, உங்க பென்ஷன் ஆபீசுக்கு, யாரு உங்கள இட்டுகினு போனது?"

"நீதான்."

"அந்த வண்டியத்தான் வேணாங்கிறாங்க."

மருந்துச் சீட்டை எடுத்து மறுபடி படித்தேன்.

சொட்டு மருந்து: காலை 7, மாலை 7. கயல் போனில் அலாரம்.

ஜூலை 21, ஞாயிறு

காற்று பலம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

நேற்று யூனிட்டுக்கு லீவு சொல்லிவிட்டாள். நாள் முழுதும் சாவி அவள் பர்ஸில். நாளை திங்கள். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

பத்து மணிக்கு வாசலிலிருந்து குரல். "ஏங்க, போனை எடுத்துகினு வாங்க."

ஸ்கூட்டியை நடு ஸ்டாண்டில் போட்டு மேலே உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் ஹேண்டில்பாரில். ஹெல்மெட் கூட.

"நான் நேரா பாத்துகினு இருப்பேன். நீங்க பின்னாலேர்ந்து லெஃப்ட்டு பக்கமா மெதுவா முன்னால வாங்க. தெரிஞ்சா 'இப்ப'ன்னு சொல்லுவேன். பேசக்கூடாது. கயலு, நீயும் வாயத் தொறக்காத."

நகர்ந்தேன்.

"செருப்பக் கழட்டுங்க. சத்தம் கேக்குது."

வெறுங்காலில் சிமெண்ட் சுட்டது. பின் சக்கரம். பின்னால் நான் உட்காரும் இடம். அவள் முழங்கை. உடைந்த கண்ணாடி. கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு அருகில். எதிர்வீட்டு முருங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், புருவம் சுருங்கவில்லை, கன்னம் அசையவில்லை. கயல் வாசற்படியில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். முன் சக்கரத்துக்கு நேராக வந்தபோது படம் எடுத்தேன். எப்போது எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, கை எடுத்துவிட்டது. இன்னும் ஓர் அடி. இன்னும் ஓர் அடி.

"இப்ப."

"அங்கியே நில்லுங்க." இறங்கி வந்தாள். நான் நின்ற இடத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வலப்பக்கமும் வரச் சொன்னாள். அந்தப் பக்கம் அவள் தோளைத் தாண்டுவதற்குள் "இப்ப". மறுபடியும் இடது. மறுபடியும் அதே இடம், ஓர் அங்குலம் மாறவில்லை.

"மேரிய பின்னால வெச்சிகினு போயிருக்கேன்," என்றாள். "அதுக்கு ரெண்டு புள்ளைங்க."

ஹெல்மெட்டைக் கழற்றி கயல் தலையில் வைத்தாள். சாவியை அவள் கையில். "பாத்து ஓட்டு. கேட்டு ஒண்ணும் குறுகல் இல்ல." என்னைப் பார்த்து, "யூனிட்டு பக்கம் ஷேர் ஆட்டோ எத்தினி மணிக்கு?"

"எட்டே முக்கால்."

"மேரிக்கு சொல்லிடுங்க."

உள்ளே போய்விட்டாள். குழாயை நெடுநேரம் திறந்துவிட்டிருந்தாள். நான் போகவில்லை, கயலையும் விடவில்லை.

மாலை டீக்கு வந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். ஐந்து நாளுக்குப் பிறகு. கொடுக்கத் தயங்கினேன், காலையில் எடுத்ததுதான் இன்றைய படம், வேறு இல்லை. கொடுத்தேன்.

டாக்டர் சொன்னபடி தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பி, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தாள். படம் முழுக்க அவள் முகம்தான். ஹெல்மெட் கயிறு, காதோரம் நரைத்த முடி, மூக்குத்தி, எதிரே எங்கேயோ பார்க்கும் கண். கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணலாம்.

"இவ்ளோ கிட்டயா நின்னுகினு இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.