கோவில் சோற்றுக்குப் புள்ளி இல்லை

நன்மை பெருகுக. தென்கரை நாட்டைத் தம் நிழலில் வைத்துக் காப்பவரும், வெண்குன்றத்து அரசர் மாவண்கோவின் உடன்பிறந்த தங்கையுமான செங்கழுநீர் நாச்சியார் திருமுன்பு, அவ்வரசரின் ஓலைகளை எழுதும் ஓலைநாயகம் பொதியன் சேந்தன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியாரின் நாட்டில் மழை தவறாதிருக்க. தேவியாரின் சினம் இதைப் படித்து முடிக்கும்வரை பொறுத்திருக்க.

அரசரின் பல்லக்குக் கொம்பு சந்தைத் தெருவில் முறிந்ததும், முன்னே சுமந்த கரியன் அதன் கீழே நசுங்கி உயிர் விட்டதும் மெய்யே. கொம்பை முறித்தது அரசரின் எடை என்று ஊர் சொல்கிறது. அந்த எடையை வளர்த்தது சேந்தனின் மூளை.

அரசர் மெலியாவிட்டால் இருதயம் தாங்காது என்று அரண்மனை மருத்துவர் வெண்ணிநங்கையார் எச்சரித்தபோது, சேந்தன் ஒரு முறை வகுத்தான். நெய்ச்சோற்றுக்கு எட்டுப் புள்ளி, கீரைக்கு ஒன்றுமில்லை. நாளொன்றுக்கு முப்பது புள்ளியோடு கை கழுவ வேண்டும். அரசருக்கு அது விளையாட்டுப்போல் பிடித்துப்போயிற்று. அரைக்கச்சையை இரண்டு விரல் உள்ளே இழுத்துக் கட்டினார். ஆனால் வெண்குன்றத்தில் தெய்வத்துக்குப் படைத்ததை எண்ணுவதும் அளப்பதும் பாவம். அதற்கு அஞ்சிய சேந்தன், கோவில் சோற்றுக்குப் புள்ளி இல்லை என்று விதித்தான். அன்றே அரசரின் பக்தி பெருகிற்று. ஒரு கோவிலில் சர்க்கரைப் பொங்கல், அடுத்த கோவிலில் அப்பம். இருந்த கோவில்கள் போதாமல் புதியனவும் எழுந்தன. குடிகள் வாழ்த்தினார்கள். சேந்தனும் கூடவே போய் உண்டான். எழுதும் பலகைக்கும் அவனுக்கும் நடுவே இப்போது அவன் வயிறு இருக்கிறது.

கரியன் இறந்தபின் மருத்துவர் தம் முறையைக் கொண்டுவந்தார். உண்பது உடலில் எவ்வளவு அனல் மூட்டும் என்று கவளம் கவளமாக நிறுத்துக் கணிப்பது. பாவமென்றும் பாராமல் தெய்வத்தின் சோறும் தராசில் ஏறிற்று. அதில் ஓட்டை இல்லை. ஆனால் தராசைப் பார்த்துப் பார்த்து உண்ட அரசர், பகைவர் சிறையில் உண்பதுபோல் இருக்கிறதென்று வருந்தினார். பத்து நாள் தாங்கவில்லை. குதிரை லாயத்தில் ஒளிந்துகொண்டு வெல்ல உருண்டை தின்றார். கண்டவன் சேந்தன். வாயைத் துடைத்துக்கொண்டு, கரியனின் மனைவிக்கு நிலம் கொடுத்தாயிற்றா என்று கேட்டார் அரசர். பிறகு அழுதார். சேந்தன் லாயத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றான்.

இரண்டில் எந்த முறையால் அண்ணன் பிழைப்பார் என்று தேவியார் கேட்டு விடுத்திருந்தார். மருத்துவரைக் கேட்டால், உடலின் இயல்பைப் பொறுத்தது என்றார். மறுபடி கேட்டால், பருவத்தைப் பொறுத்தது என்றார். அமைச்சர்களுக்கே உரிய இந்தக் கலையை அவர் எங்கே கற்றாரோ. ஆகவே தேவியார் பொறுத்தருளுக என்று முடித்து, களிற்று இலச்சினையும் இட்டுத் தூதனை அழைத்தாயிற்று.

அப்போது மருத்துவர், அரசரின் படுக்கையருகிலிருந்து நேரே வந்தார். அவர் சொன்னதை இலச்சினைக்குக் கீழே இருந்தாலும் அரச ஆணையாகவே தேவியார் கொள்ளும்படி, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறான் சேந்தன்:

"மறைக்காம சாப்பிடுறவருக்கு ரெண்டு முறையும் ஒண்ணுதான், ஐயா. உம்முடையது லேசு, என்னுடையது நுட்பம், அவ்வளவுதான் வித்தியாசம். போன வருஷம் எதைப் பிடிச்சிருந்தாலும் பிழைச்சிருப்பார். இனி எதுவும் உதவாது. தங்கச்சியை இன்னைக்கே புறப்படச் சொல்லும்."