ஆம்ஸ்ரடாமில் மூன்று மத்தியானம்

இஞ்சேருங்கோ,

புட்டும் மீன்குழம்பும் அடுப்பிலை இருக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ, நான் வேலையாலை வர ஏழாகும்.

ஆம்ஸ்ரடாமை முதன்முதலாப் பாக்கப் போறம், அதுவும் மூண்டே நாள். நீங்களோ அங்கை இருக்கிற உங்கடை சொந்தக்காரருக்கெல்லாம் போன் அடிச்சு, மூண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வாறமெண்டு ஓம்பட்டிட்டியள். கால்வாய்த் தண்ணியை எங்கை பாக்கிறது, கை கழுவிற பைப்பிலையோ?

அதாலை காலமை அவை எல்லாருக்கும் நானே போன் எடுத்து, பயணம் நிண்டுபோச்செண்டு சொல்லிப்போட்டன். பின்னேரம் உங்கடை பெரியம்மா எடுத்து விசாரிப்பா. கவலையாக் கதையுங்கோ, சிரிச்சுக் காட்டிக் குடுத்திடாதேங்கோ.

சனிக்கிழமை படகுக்கு ரெண்டு சீற் புக் பண்ணியிருக்கிறன். நீங்களும் நானும் மட்டும்.

அன்ரனெற்

பி.கு. அங்கை இருக்கிற என்ரை அக்காவுக்கும் அத்தானுக்கும் பொய் சொல்ல மனம் வரேல்லை. இப்ப படகுக்கு நாலு சீற். மத்தியானச் சாப்பாடு அவை கட்டிக்கொண்டு வருகினமாம்.