முன்பக்கம் இடிக்கும் பலகை

மார்ச் 4, செவ்வாய்

இருபது வருடமாகக் கண்ணாடி தூக்கிப் பிழைக்கிறவனுக்கு இன்று பந்தின் மேல் உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள். முழங்கால் உயர நீலப் பந்து. அதில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்க வேண்டுமாம். வயிற்றுத் தசை உறுதியானால் அது முதுகைத் தாங்குமாம். சொல்கிற பிசியோதெரபிஸ்டுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. கழுத்தில் ஒரு விசில் வேறு. இங்கே என்ன ஓட்டப்பந்தயமா நடக்கிறது? 'விசில்' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

என் முதுகு போனதற்குக் காரணம் வயிறு இல்லை, என் மச்சான்தான். மனைவியின் தம்பி. கண்ணாடியின் ஒரு முனையில் அவன் பின்னோக்கி நடப்பான், மறுமுனையில் நான் முன்னோக்கி. போன மாதம் அவன் கை நழுவியது, கண்ணாடி சுக்குநூறு, அதைப் பிடிக்கப் போன எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சோற்றுக்குச் செத்தவனே என்று முதலாளி முன்னாலேயே திட்டினேன். அதன்பின் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வராவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் கடைசிக்குள் நான் திரும்பாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவாராம் முதலாளி. அதற்காகத்தான் இந்தக் கூத்து.

மார்ச் 6, வியாழன்

பந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

மார்ச் 11, செவ்வாய்

கையும் முழங்காலும் ஊன்றிக்கொண்டு, வலது கையையும் இடது காலையும் நீட்டிப் பத்து எண்ண வேண்டும். பக்கத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அதே நிலையில் நின்றுகொண்டே வீட்டு வரியைப் பற்றி என்னிடம் பேசுகிறார். பேனாவைத் தவிர எதையாவது தூக்கியிருப்பாரா இந்த மனுஷன்? அவருக்கு ஒரு நடுக்கம் இல்லை. எனக்கு நாலு எண்ணுவதற்குள் வயிறு உதறுகிறது. த்தூ!

மார்ச் 19, புதன்

இன்று ஆடும் பலகை. அடியில் உருளை வைத்தது. ஏறி நின்றால் முன்பக்கம் டொம்மென்று தரையில் இடிக்கிறது. எத்தனை தடவை ஏறினாலும் முன்பக்கம்தான். வயிற்றில் பிடிப்பு இல்லாததால் நான் முன்னால் சாய்கிறேன் என்றாள் விசில். பலகைதான் கோணல் என்றேன். முன்பக்கம் பின்னால் வருகிற மாதிரி அதைத் திருப்பிப் போட்டாள். ஏறினேன். அப்போதும் முன்பக்கம்.

வீட்டில் சொன்னதற்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிறாள் மனைவி. தம்பியைச் சொன்ன கோபம் இவளுக்கு.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டில் பயிற்சி செய்ய இடம் வேண்டும் என்று சாப்பாட்டு மேசையை நகர்த்தினோம். இலேசான மேசை, தூக்கலாம் என்று விசிலே சொல்லியிருந்தாள். மனைவி ஒரு முனை, நான் மறுமுனை. நாலு அடி போனதும் அவள் நின்றுவிட்டாள்.

"தூக்குங்கன்னா என் பக்கம் தள்ளிக்கிட்டே வர்றீங்க. இருபது வருஷமா இப்படித்தான் என் தம்பியத் தள்ளினீங்களா?"

நீ தூக்கும் லட்சணம் அப்படி என்று கத்தினேன். மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

நான் சாய்ந்தால் பாரம் எதிரே இருக்கிறவனுக்குத்தானே போகும்? இதற்கு விசில் வந்து சொல்ல வேண்டுமா? இருபது வருடம் — எருமைக்குக்கூட இந்நேரம் புரிந்திருக்கும்.

அன்றைக்கு அவன் கை நழுவவில்லை. நான் தள்ளியிருக்கிறேன். வாய்கூசாமல் திட்டவும் திட்டினேனே.

ஏப்ரல் 12, சனி

பலகையில் முப்பது எண்ணும்வரை நின்றேன். ஒரு பக்கமும் இடிக்கவில்லை. விசில் கை தட்டினாள். தேவையா இதெல்லாம்?

ஏப்ரல் 21, திங்கள்

வேலைக்குப் போனேன். ஆள் குறைவாக இருந்ததால் முதலாளி என்னையும் மச்சானையும் ஒரே கண்ணாடிக்கு விட்டார். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறக்கி, வயிற்றை இறுக்கி, நிமிர்ந்து நடந்தேன். மூன்றாவது அடியில் அவன் என் பக்கமே தடுமாறி வந்தான். நல்லவேளை, நான் ஆடாமல் நின்றேன். கண்ணாடி தப்பியது.

முதலாளி அங்கிருந்தே அவனைத் திட்ட ஆரம்பித்தார்.

"தள்ளுவீங்கன்னு நெனச்சு உங்க பக்கம் சாஞ்சு ஊணி நின்னுட்டேன் மாமா" என்றான் மெதுவாக.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போன தடவை கண்ணாடி உடைந்ததும் என்னால்தான், இவனால் இல்லை என்று முதலாளிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"அது தெரியும் மாமா. கண்ணாடியப் புடிங்க."