இரண்டாவது வணக்கம்

தைபெய்
10 பிப்ரவரி 1970

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் பெய்ஷுவானின் புத்தாண்டு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய மீன்சினைப் பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. ஆனாலும் கயிற்றில் உங்கள் முடிச்சைப் பார்த்ததும் வயிறு நிறைந்துவிட்டது. நன்றி அப்பா.

இப்போது ஒரு அரச காலத்துப் படம். தளபதியின் மகள் வாள்வீரனோடு ஓடிப்போகிறாள். கதாநாயகி குதிக்க வேண்டிய இடத்திலெல்லாம் நான்தான் குதிக்கிறேன். பாழடைந்த கோயிலில் அவர்களுக்குக் கல்யாணம். சரளைக்கல்லில் மண்டியிட அந்த அம்மாவுக்கு முடியாதாம், அதற்கும் நானே. முதல் வணக்கம் வானுக்கும் மண்ணுக்கும். இரண்டாவது பெற்றோருக்கு, மூன்றாவது ஒருவருக்கொருவர். இயக்குநர், "பெத்தவங்கதான் இல்லையே, அதை விட்டுடும்மா" என்றார்.

"அவங்க இல்லாட்டி என்ன சார், அவங்க இருக்கற திசை இருக்கே?" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, ஒரே தடவை" என்றார். நான் தெற்கே திரும்பி மண்டியிட்டேன். தெற்கே தைனானில் நீங்கள் இருக்கிறீர்கள்.

என் கல்யாணத்தன்று உங்கள் முன்னால் மண்டியிட்டுக் கொடுக்கத் தேநீரோடு காத்திருந்தோம். சினிமாவில் ஆளைப் பறக்கவிடக் கம்பி கட்டுகிறவன் மாப்பிள்ளையா என்று நீங்கள் வரவில்லை. எனக்குக் கோபமில்லை, ஏக்கம்தான். படம் அங்கே வந்தால் பாருங்கள்.

உங்கள் மகள்,
பெய்ஷுவான்

தைனான்
2 மார்ச்

பெய்ஷுவானுக்கு,

கஞ்சிக் கடையில் ஓயாத கூட்டம். சினிமாவுக்கெல்லாம் நேரமில்லை. மீன்சினையில் உப்பு கூடிவிட்டதா?

அப்பா

தைபெய்
9 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேரமில்லை என்று சொல்லவாவது நேரம் கிடைத்ததே! கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன். உப்பு சரியாக இருந்தது. உங்கள் மாப்பிள்ளை தியென்ஃபூ இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

பெய்ஷுவான்

தைனான்
30 ஆகஸ்ட்

என் செல்ல மகள் பெய்ஷுவானுக்கு,

படம் வந்தது. மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுப் போனேன். கதை ஒன்றும் பிடிக்கவில்லை. அந்தப் பெண் வீட்டில் சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். அவள் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பறந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அது நீ என்று தெரிந்ததால் நான் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பத்திரமாக இறக்கிவிட்டானே உன் வீட்டுக்காரன், அவனுக்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். நன்றாகத்தான் கட்டுகிறான்.

பிறகு கோயில் வந்தது. முகம் தெரியவில்லை. ஆனால் மண்டியிடும்போது இடது காலை உள்ளே மடக்குவது யார் என்று எனக்குத் தெரியாதா? அம்மா போனதிலிருந்து அவள் பெயர்ப்பலகை முன்னால் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடும்போது நீ அப்படித்தானே மடக்குவாய். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஒருத்தன், "யோவ் பெரியவரே, உக்காருங்க! கல்யாணத்தையே மறைக்கிறீங்க!" என்று கத்தினான்.

உட்கார்ந்தேன். பிள்ளைகள் மண்டியிடும்போது பெற்றவன் உட்கார்ந்துதானே ஏற்க வேண்டும்? கத்தினானே, அவன் நன்றாக இருக்கட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மூன்றாவது வணக்கம் முடிந்திருந்தது.

நிலாத் திருநாளுக்கு இருவரும் வாருங்கள். தேயிலை வாங்கி வைத்திருக்கிறேன், போட்டுக் கொடுக்க வேண்டியது நீங்கள். அம்மாவின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் என் நாற்காலியைப் போட்டாயிற்று.

இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டேன்.

அப்பா