கூட்டி எழுதிய வயது

திருவண்ணாமலை,
14.3.1989

அன்புள்ள மகனுக்கு,

உன் பெயரில் இருந்த கஞ்சா வழக்கின் தண்டனையை நேற்று கோர்ட்டில் நீக்கிவிட்டார்கள். இனி பம்பாயில் எந்த வேலைக்கும் பயமில்லாமல் மனுப் போடலாம்.

செங்கம் சாலையில் உன்னைப் பொட்டலத்தோடு பிடித்தபோது உனக்குப் பதினைந்து வயது. பள்ளிச் சான்றிதழ்படி பதினாறு முடிந்துவிட்டதால் பெரியவர்களைப் போலத் தண்டித்தார்கள். இப்போது நகராட்சிப் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு வயசு ஜாஸ்தியா எழுதினது யாரு?" என்று நீதிபதி கேட்டார்.

"நான்தாங்க. ஒண்ணாம் வகுப்பு வாத்தியாரும் நான்தாங்க."

"நல்லா கணக்குச் சொல்லிக் குடுத்தீங்க, போங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நாலு வயதில், நான் சைக்கிளை எடுத்தாலே நீ அழுவாய். உன்னையும் என் வகுப்பில் உட்காரவைக்கும் ஆசையில் அப்படி எழுதினேன். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் எழுதினோம். கணக்கில் முதல் வரியில் ஒன்றைக் கூட்டிவிட்டால் விடைவரை தப்பாகவே போகும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்.

உனக்குத் தண்டனை தந்த அன்று கோர்ட்டில் உன் வயதைக் கேட்டபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஓய்வு பெற எனக்கு எட்டு மாதம் இருந்தது. வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

அம்மா நீ விட்டுப்போன சட்டைகளை மாதாமாதம் துவைத்து மடித்துவைக்கிறாள். தபால்காரர் வரும் நேரத்தில் நான் வெளியே போவதில்லை.

மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். கோபப்படு. ஆனால் வீட்டுக்கு வந்து, என் எதிரில் நின்று கோபப்படு.

உன்
அப்பா