அந்தப் பஸ்ஸில் ஏறாதே

ஸ்டோனி ஃபோர்க், கென்டக்கி
9 மே 2004

அன்பு மகள் மார்லாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் ஜூனியும் சுகம், நாய்கூடச் சுகம், என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய், நான் சுகமில்லை, இனிமேல் யார் கேட்டாலும் அப்படியே சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்த பிறகும் அப்படி எழுதினால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று அர்த்தம்.

முகாமில் குப்பை எரிக்கும் குழியின் புகையால் ஏழு வாரமாக இருமல், காலையில் துப்பினால் கறுப்பாக வருகிறது, கழுத்தைச் சுற்றித் தடிப்பு, காவல் கோபுரத்தில் நின்று நின்று ஏறுகிறேன், எல்லாருக்கும் இப்படித்தான், நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, இருபத்தெட்டாம் தேதி நாடு திரும்பி ஜார்ஜியா ராணுவ முகாமுக்கு வந்துவிடுவோம், உடல்நிலைப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டால் மூன்றே நாளில் வீடு, ‘ஆம்’ போட்டால் மருத்துவப் பிரிவில் மூன்று நான்கு வாரம் பிடித்து வைத்துக்கொள்வார்களாம், அதனால் எங்கள் கம்பெனி முழுக்க ‘இல்லை’தான் என்று, ஏதோ பரீட்சையில் கூட்டாகக் காப்பியடிக்கப் போவதுபோலக் குதூகலமாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு நல்ல ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். சத்தம் என்ன என்று அம்மா கேட்டதற்கு எலி என்றேன். எவ்வளவு பெரிய எலி என்று கேட்டாள்.

மின்னஞ்சல் அனுப்பாததற்குக் காரணம், உங்கள் முகாமில் ஒரு கம்ப்யூட்டருக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று படிப்பார்கள் என்று நீயே சொன்னாய். இது உனக்கு மட்டும். ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன், இப்போதெல்லாம் மறக்கிறேன். அம்மாவுக்குப் பள்ளிச் சமையலறையில் முழுநேர வேலை கிடைத்துவிட்டது, வீட்டுக்கு வந்தும் நாற்பது பேருக்குச் சமைக்கிற அளவில்தான் பீன்ஸ் வேகவைக்கிறாள். உன் பெண் ஜூனி எல்லாவற்றையும் தானே செய்வேன் என்கிறாள், நேற்று என் பூட்ஸுக்குள் சோள ரொட்டியைத் தானே ஊட்டினாள். அவளுடைய அப்பன் இந்த மாதமும் டெக்சாஸிலிருந்து போன் பண்ணவில்லை, பண்ணாமல் இருப்பதே நல்லது. போன வாரம் நான் வேலை பார்க்கிற எரிவாயுக் குழாய் நிலையத்துக்குப் போகும் வழியில், பதினெட்டு வருடமாக நான் ஓட்டுகிற அதே சாலையில், வீட்டளவு பெரிய விளம்பரப் பலகை நிற்கும் அந்தத் திருப்பத்தில், இடமா வலமா என்று தெரியாமல் வண்டியை ஓரம் கட்டிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை மார்லா.

நான் என்ன செய்தேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. தொண்ணூற்றொன்றில் பாலைவனத்தில் எங்கள் கம்பெனியின் நச்சுவாயு எச்சரிக்கைப் பெட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. சண்டை முடிந்து மார்ச் மாதம், எதிரியின் வெடிமருந்துக் கிடங்கை நம் ஆட்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள், ஒரு மணி நேரத்தில் காற்று எங்கள் பக்கம் திரும்பியது, பெட்டி கத்தியது. மூன்று தடவை கத்தியது. லெப்டினன்ட் ஆஷ்கிராஃப்ட் வந்து, “ஸ்டாலர்ட், உன் பெட்டிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு, பேட்டரியக் கழட்டு, பசங்க சாப்பிட வேணாமா?” என்றான். நான் சோதித்துப் பார்த்தேன். சோதனைக் குப்பியைக் காட்டினால் கத்தியது, எடுத்தால் அடங்கியது. அதைவிடச் சரியாக ஒரு இயந்திரம் வேலை செய்ய முடியாது. அதைச் சொன்னேன். “அப்ப எல்லாரும் செத்திருக்கணுமேடா, செத்துட்டியா நீ?” என்று கேட்டான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பேட்டரியைக் கழற்றினேன். பதிவேட்டில் ‘மணல் புகுந்து பழுது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மணலே இல்லை, அன்று காலையில்தான் துடைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே ஜார்ஜியாவில் அதே மாதிரிப் படிவம். அப்போதே எனக்கு முட்டி வீங்கி, தலைவலியில் கண் மங்கி, முதுகில் தடிப்பு. ஆனால் ஊருக்குப் போகும் பஸ் வெளியே நிற்கிறது. உனக்குத் தெரியும் நம் ஊர் வழக்கம், மாவட்ட எல்லைப் பாலத்தில் தீயணைப்பு வண்டி காத்திருக்கும், சங்கு ஊதிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் பள்ளி விளையாட்டு அரங்கம் வரை வரும், ஊரே பின்னால் வரும். அந்தப் பஸ்ஸில் வராதவன் மனிதனே இல்லை. எல்லாரும் ‘இல்லை’ என்று டிக் போட்டோம், ஒரே ஆள் தவிர. டெல்மர் ப்ரூயிட். ஒன்பது கேள்விக்கு ‘ஆம்’ போட்டான். அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, “என்ன டெல்மரு, நர்ஸம்மா ஊட்டி விடறாங்களா? அப்படியே தொட்டில்ல போட்டு ஆட்டச் சொல்லு” என்று கத்தினவர்களில் என் குரல்தான் உரக்க இருந்தது. இருபத்துநாலு நாள் கழித்து அவன் சாதாரண பஸ்ஸில் வந்து பெட்ரோல் பங்க் முன்னால் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போனான். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அவனைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை படைவீரர் மருத்துவமனைக்கு நான் ஐந்தாவது முறையாகப் போனேன். இரண்டு வருடமாக என் உடம்பை நானே அளந்து கட்டம் போட்டு வைத்திருக்கிறேன், தூக்கம் எத்தனை மணி, வலி எந்த மூட்டில், தடிப்பு எந்தத் தேதி, எல்லாம். அந்த டாக்டர், என்னைவிடப் பத்து வயது சின்னவன், அந்தக் காகிதங்களை விரல் நுனியால் நகர்த்திவிட்டுப் பழைய படிவத்தை எடுத்தான். “மிஸ்டர் ஸ்டாலர்ட், இருபத்திமூணு கேள்வி, இருபத்திமூணுக்கும் ‘இல்லை’ன்னு போட்டிருக்கீங்க. கையெழுத்து உங்களோடதுதானே? ரத்தத்துல ஒண்ணும் தெரியல, படத்துல ஒண்ணும் தெரியல. மன அழுத்தமா இருக்கும்” என்றான். நான் சொன்னேன், மீட்டர் பூஜ்யம் காட்டுது, குழாய் ஒழுகுதுன்னா எங்க வேலையில மீட்டரத்தான் சந்தேகப்படுவோம், குழாய்க்கு மனக்கவலைன்னு எழுத மாட்டோம் என்று. சிரித்தான். “மீன்பிடிக்கப் போறதுண்டா? போங்களேன், மனசுக்கு நல்லது” என்றான். அவனை அடிக்காமல் வந்தேன் என்பதை அம்மா என்னுடைய பெரிய சாதனை என்கிறாள். ஆனால் மகளே, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபோது ஒன்று விளங்கியது. அவன் என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. நானே எழுதிக் கொடுத்ததை எனக்குப் படித்துக் காட்டினான், அவ்வளவுதான். என்னை மறுப்பதற்கு வேண்டிய ஒரே சாட்சியை நானே இருபத்தாறு வயதில் தயார் செய்து கொடுத்திருக்கிறேன், அதுவும் அவசர அவசரமாக.

அங்கிருந்து நேரே டெல்மர் வீட்டுக்குப் போனேன். கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தான், நின்று பார்த்தான், “பதிமூணு வருசம் கழிச்சு மன்னிப்புக் கேக்க வந்தியா, இல்ல என் படிவத்த ஜெராக்ஸ் எடுக்க வந்தியா?” என்றான். ரெண்டுக்கும்தான் என்றேன். “மன்னிப்புக்கு வெளியவே நில்லு, ஜெராக்ஸுக்கு உள்ள வா” என்றான். உள்ளே போனேன். அவனுக்கும் என்னைப் போலத்தான், முட்டி, தலை, மூச்சு, எதுவும் குறையவில்லை, என்ன நோய் என்று அவனுக்கும் யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் அவனிடம் அந்த ஒன்பது ‘ஆம்’ இருக்கிறது. இது நேத்து வந்த வியாதி என்று அவனிடம் எவனும் சொல்ல முடியாது. அவனை நுரையீரல் நிபுணரிடம் அனுப்புகிறார்கள், மீன்பிடிக்க அனுப்பவில்லை. உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன், உன்னைக் கேட்காமல் காட்டியதற்கு என்னைத் திட்டு. கறுப்பாகத் துப்புகிறாய் என்ற இடத்தில் அவன் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கித் தானே ஒரு தடவை படித்தான். பிறகு, “பொண்ணு உன்ன மாதிரியா, புத்திசாலியா?” என்று கேட்டான்.

ஆகவே இதைக் கவனமாகப் படி. ‘ஆம்’ என்று போடு. இருமலுக்கு ஆம், மூச்சுக்கு ஆம், தோலுக்கு ஆம். அந்தக் குப்பை எரிக்கும் குழி உன் கூடாரத்திலிருந்து எத்தனை அடி, இன்றைக்கே நடந்து எண்ணு. காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம், என்னென்ன எரித்தார்கள், பிளாஸ்டிக், பேட்டரி, பெயிண்ட் டப்பா, மருத்துவக் கழிவு, இரவும் பகலுமா பகலில் மட்டுமா, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுது. ‘கொஞ்சம் இருமல் உண்டு’ என்று மரியாதையாக எழுதாதே, ஏழு வாரம், கறுப்புச் சளி என்று எழுது. படிவம் கார்பன் வைத்த மூன்று தாளாக இருக்குமாம், டெல்மர் சொல்கிறான், பேனாவை அழுத்தி எழுது, அடித்தாளைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் மேசையை விட்டு எழுந்திருக்க வேண்டும், அப்புறம் தருகிறோம் என்றால் தரமாட்டார்கள். உங்கள் சார்ஜென்ட், “ஏம்மா, உன் ஒருத்திக்குத்தான் புகையா, நாங்கெல்லாம் ரோஜாப்பூவா மோந்தோம்?” என்று கேட்பார். கேட்கட்டும். கூட இருக்கிறவர்கள் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், நானே கண்டுபிடித்த பெயர்கள் அவை. அவர்களில் ஒருவராவது இன்னும் பத்து வருடத்தில் ஜெராக்ஸ் எடுக்க உன் வீட்டுக்கு வருவார்கள். உள்ளே விடு.

உன்னை எது தடுக்கும் என்றும் எனக்குத் தெரியும். ஜூனி. நீ அவளை விட்டுப் போய்ப் பதினாலு மாதம் ஆயிற்று, அவளுக்கு அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மூன்று வயது முடிகிறது, அதற்குள் வந்துவிட வேண்டும் என்று நாள் எண்ணுகிறாய். நான் அந்தப் படிவத்தை நிரப்பியபோது எனக்கும் ஏழு வயதில் ஒருத்தி வீட்டில் இருந்தாள். இதை உன்மேல் பழியாகச் சொல்லவில்லை, தப்புச் செய்தவன் நான். டெல்மரைவிட மூன்று வாரம் முன்னால் வீட்டுக்கு வந்தேன், அதற்குப் பிறகு உன்னைத் தோளில் தூக்க முடிந்ததா, உன் பள்ளி விளையாட்டுப் போட்டி ஒன்றையாவது முழுசாக உட்கார்ந்து பார்த்தேனா? நீயே கணக்குப் போட்டுக்கொள், எனக்குச் சொல்லிக்காட்டும் தெம்பு இல்லை.

இதுவரை எழுதி மறைத்து வைத்திருந்தேன், உன் அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். அரங்கத்தில் தொங்கவிட உன் பெயர் எழுதி ஒரு துணியைப் பாதி வரை தைத்து வைத்திருக்கிறாள், அதனால் அழுவாள் என்று நினைத்தேன். கடிதத்தை மேசைமேல் போட்டுவிட்டு, “இந்தப் பேட்டரி சமாச்சாரத்தப் பதிமூணு வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டாள். அந்தப் பாதித் துணியை மடித்து வைத்தாள். பிறகு, “அவ இங்க வர முடியாட்டி நாம அங்க போறோம், முன் சீட்டு எனக்கு” என்றாள். நானூறு மைல், என்னால் ஓட்ட முடியாது, டெல்மர் ஓட்டுகிறான், அவன் வலது கால் நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மருத்துவப் பிரிவில் பார்க்க விடுவார்களாம். பிறந்தநாளுக்கு மறுநாள் ஞாயிறு, கேக்கோடு வருகிறோம். ஜூனி உன்னை முதலில் அடையாளம் காணாமல் போகலாம், மனசைத் தயார் செய்துகொள்.

கடவுள் உனக்குத் துணை, எங்கள் இருவர் ஆசியும் உண்டு. தண்ணீர் நிறையக் குடி, முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு தூங்கு. மறுபடியும் சொல்கிறேன், அடித்தாள், சட்டைக்குள். ஊர்ப் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கத்துவார்கள், பதில் சொல்லாதே, கையசைத்து அனுப்பிவிட்டுப் போய்ப் படு. ஞாயிறு காலை பத்து மணிக்கு மருத்துவப் பிரிவு வாசலுக்கு வா.

உன் அப்பா,
ராய்ஸ் ஸ்டாலர்ட்