கிணற்றைக் கழுவி வைத்தோம்

முருகன் துணை

றக்வானை,
23.02.2025

அன்பு மகள் நிரோஷாவுக்கு, பெறாவிட்டாலும் வளர்த்த உன் சித்தப்பா இருளப்பன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் கட்டாரில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மாரியாத்தாளோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்தப் பொய் எழுத வரவில்லை. போனில் சொன்னால் உன் சித்தி பக்கத்தில் நின்று ஒப்பாரி வைப்பாள், அதனால்தான் கடிதம்.

நம்ம தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே அந்த மாணிக்கக் கம்பனிக்காரன் கல் தேடி ஏழு வருஷம் பெக்கோ மெசின் விட்டுத் தோண்டினானே, பாதாள லோகத்துக்காரன் கூரை ஒழுகுது என்று கத்துகிற அளவுக்கு. போன வருஷம் குழியை மூடி, புல்லை நட்டு, நிலத்தைப் பழையபடி ஆக்கிவிட்டோம் என்று போர்டும் வைத்துவிட்டுப் போனான். சீ, மண்ணோடு மெசின் எண்ணெயையும் ட்ரம் ட்ரம்மாகப் புதைத்திருப்பான் போல. அன்றிலிருந்து நம்ம கிணற்றில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி நிற்கிறது, மேலே எண்ணெய் மினுமினுக்கிறது, அடியில் துருச் சேறு. அந்தத் தண்ணீரில் ஆக்கின சோற்றை நாய் மோந்துவிட்டு என்னை முறைக்கிறது. கிழமைக்கு இரண்டு தடவை பிரதேச சபையின் பவுசர் லொறியில் குடிதண்ணீர் வந்ததால் பிழைத்தோம். மூடின குழியைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, குடிக்க ஆகுமா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க இரத்தினபுரியிலிருந்து ஆபீஸர் வருவார் என்று தைமாதம் கடிதம் வந்தது.

அங்கேதான் என் மகா புத்தி வேலை செய்தது. பெரிய தொரை வருகிறார் என்றாலே லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, சாக்கடைக் கானைத் தேய்த்துக் கழுவிப் பழகின பரம்பரை அல்லவா நாம். கோயில் கமிட்டித் தலைவர் நானே கட்டளை போட்டேன். ஆபீஸர் வருவதற்கு முதல் நாள் பம்ப் வைத்துக் கிணற்றை ஒட்ட இறைத்து, ஆள் இறங்கிச் சுவரைத் தேய்த்து, ஒரு வாளி பிளீச்சிங் பவுடரும் கொட்டி, சுற்றிவரக் கோலமும் போட்டாயிற்று. வந்த ஆபீஸர் சிவனேஸ்வரி என்று வடக்குப் பக்கத்துப் பிள்ளை. புதிதாக ஊறியிருந்த தண்ணீரை டேப் விட்டு அளந்தது, போத்தலில் பிடித்தது, போய்விட்டது. எனக்கு இந்திரப் பதவி கிடைத்த மாதிரி.

ரிப்போர்ட் வந்தது. தண்ணீர் சுத்தமாம், ஆனால் குறைவாம். இங்கே தண்ணீர் ஏழு கடலுக்குக் காணும், அத்தனையும் நஞ்சு, தாளில் எல்லாம் தலைகீழ்! அந்தத் தாளைக் காட்டியே பவுசரை நிறுத்திவிட்டார்கள். தூ! பக்கத்து வீட்டு ராமச்சந்திரன், கிணத்துக்குக் கும்பாபிஷேகம் பண்ணின தலைவரே, தீர்த்தம் குடுங்க என்று ரோட்டில் வைத்துக் கும்பிடுகிறான்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு போத்தல் தண்ணீரோடு பஸ் ஏறி இரத்தினபுரி ஆபீஸுக்கே போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டு, ஆரய்யா உங்களைக் கழுவச் சொன்னது, எனக்கு உங்கட ஊத்தைத் தண்ணியெல்லோ வேணும் என்றது. கொண்டுபோன போத்தல் செல்லாதாம், அவர்களே வந்து பிடித்தால்தான் கணக்காம். இனிச் சித்திரைக் கடைசியில்தான் வருவார்களாம், முடிவு வர வைகாசி தாண்டுமாம், அதற்குப் பிறகுதான் பவுசர் பேச்சு. அதுவரை கிணற்றுப் பக்கம் எவனாவது விளக்குமாறோடு வந்தால் கையை முறிப்பேன் என்று கட்டளை போட்டிருக்கிறேன். இப்போது மேல் டிவிசன் மலை ஊற்றுப் பீலியிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறோம், அதுவும் வெயில் ஏறினால் நூலாக ஒழுகுகிறது.

மகளே, நாலு வருஷமாக வா வா என்று உன் உயிரை எடுத்தவன் நான். சித்திரைப் புதுவருஷத்துக்குப் பாப்பாவோடு வருகிறேன் என்று நீ சொன்னதும் றக்வானை பஸ்ஸில் முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் சொன்னேன். சித்தி தொட்டிலுக்குக் கொக்கிகூட அடித்துவிட்டாள். இப்போது நானே எழுதுகிறேன், வராதே. அந்தத் தண்ணீரில் பிள்ளையின் பால்போத்தலைக் கழுவக்கூட எனக்கு மனம் வராது.

மாரியாத்தா உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். கடிதம் கிடைத்த கிழமையே டிக்கெட்டை மாற்றிவிடு, மறக்காதே. சித்தி கேட்டால் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று சொல். நான் வேண்டாமென்று எழுதினதாகச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
தலை குனிந்து,
உன் சித்தப்பா
மு. இருளப்பன்